ஒரு கேள்விக்குப் பதினைந்து ஆண்டுகள்

மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர்களைக் கேட்டால் இன்று கார்களும் கைப்பேசிகளும் கனரக வண்டிகளும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1990களின் பிற்பாதியில் ஃபோர்டும் ஹூண்டாயும் இங்கே வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே, இந்த ஊர்களையெல்லாம் தன்னுள் அடக்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் பெயர் உலக மருத்துவ நூல்களில் ஏறிவிட்டது. தொழுநோய், காசநோய் என்னும் இரண்டு பழைய நோய்களைப் பற்றி இருபதாம் நூற்றாண்டு அறிந்துகொண்டவற்றில் கணிசமான பங்கு, தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் திருவள்ளூருக்கும் இடைப்பட்ட நிலத்தில் வாழ்ந்த எளிய மக்களின் உடல்களிலிருந்தும், அவர்களைத் தேடி வீடு வீடாக நடந்த பணியாளர்களின் குறிப்பேடுகளிலிருந்தும் கிடைத்தது. மருத்துவ ஆராய்ச்சியைத் தம் வாழ்க்கையாக ஏற்பவருக்கு அது எதைத் தருகிறது, எதைக் கேட்கிறது என்பதை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் அரிது.

மருத்துவம் பார்ப்பதும் மருத்துவ ஆராய்ச்சி செய்வதும் ஒரே கல்லூரியிலிருந்து கிளம்பினாலும் அவற்றின் காலக்கணக்கு வேறு. சிகிச்சை தரும் மருத்துவர், காய்ச்சல் தணிந்ததா, புண் ஆறியதா என்பதைச் சில நாட்களிலோ வாரங்களிலோ கண்ணால் கண்டுவிடுகிறார். நோயாளியின் முகத்தில் தெரியும் தெளிவே அவருக்கு உடனடிக் கூலி. ஆராய்ச்சியாளரோ, ஒரு மருந்து ஒருவருக்குப் பயன்பட்டது என்பதோடு நிற்க முடியாதவர். அது மருந்தாலா, இயல்பாகவே ஆறியதா, நல்ல உணவாலா, தற்செயலா என்ற ஐயங்களை ஒவ்வொன்றாக நீக்க வேண்டியவர். அந்த நீக்கத்துக்கு நூற்றுக்கணக்கில், சில வேளைகளில் லட்சக்கணக்கில் மனிதர்களும் பல ஆண்டுகளும் தேவைப்படுகின்றன. இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் விடை, எதிர்பார்த்ததற்கு நேர்மாறாகவும் இருக்கலாம் என்பதுதான் இந்த வாழ்க்கையின் மையமான உண்மை. செங்கற்பட்டின் வரலாறு அதற்குச் சான்று.

மறைமலை நகரிலிருந்து மின்சார ரயிலில் தெற்கே சிங்கப்பெருமாள் கோயிலையும் பரனூரையும் தாண்டினால் வருவது செங்கற்பட்டு. அதன் புறத்தே உள்ள திருமணியில் 1924ஆம் ஆண்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் தொழுநோய்க்கென இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய். அதைத் தோலுக்கடியில் வாரந்தோறும் ஊசியாகச் செலுத்துவார்கள், வலி மிகுதி, பயன் ஐயத்துக்குரியது. சீனாவில் மருத்துவப் பணியாளர் குடும்பத்தில் பிறந்த ராபர்ட் காக்ரேன் இங்கே பணியாற்றிய காலத்தில்தான், சல்ஃபோன் என்னும் மருந்து வகை உலகில் பேசப்படத் தொடங்கியது. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்ஃபோனிலிருந்து செய்த ஒரு மருந்து பலன் தந்தது. ஆனால் அது விலை கூடியது, நாள்தோறும் சிரை வழியே செலுத்த வேண்டியது. அதன் தாய்ப்பொருளான டாப்சோன் மலிவானது என்றாலும், மனிதர்க்குத் தர முடியாத அளவுக்கு நச்சுத்தன்மை உடையது என்று பலர் ஒதுக்கிவிட்டிருந்தனர். காக்ரேன் 1940களின் நடுவில் அதே டாப்சோனை எண்ணெயில் கலந்து குறைந்த அளவில் செங்கற்பட்டு நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். நச்சு என்று ஒதுக்கப்பட்டது அளவு குறைந்தபோது மருந்தாகியது. பின்னர் அது மாத்திரையாக வந்து, உலகின் ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகும் முதல் தொழுநோய் மருந்தாக நிலைபெற்றது.

அதே திருமணி வளாகத்துக்கு 1947இல் காக்ரேனின் அழைப்பின் பேரில் ஓர் எலும்பு அறுவை மருத்துவர் வந்தார். கொல்லிமலையில் 1914இல் பிறந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியில் இருந்த பால் பிராண்ட் என்னும் அவர், விரல்கள் மடங்கிக் கொக்கியாகிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றித் தம் கையை அழுத்தச் சொன்னபோது, செயலிழந்ததாகத் தோன்றிய அந்தக் கை எதிர்பாராத வலுவோடு இறுக்கியது. தொழுநோய் கையின் எல்லாத் தசைகளையும் அழிப்பதில்லை, குறிப்பிட்ட நரம்புகள் ஊட்டும் தசைகளை மட்டுமே முடக்குகிறது, முன்கையின் வலுவான தசைகள் பழுதின்றி இருக்கின்றன என்ற உண்மை அந்தப் பிடியிலிருந்து விரிந்தது. நலமாக உள்ள தசையின் நாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற திசுவை, இடம் மாற்றித் தைத்தால் மடங்கிய விரல்கள் மீண்டும் நிமிரும் என்னும் அறுவை முறை அடுத்த ஆண்டே வேலூரில் தொடங்கியது. விரல்கள் நோயால் அழுகி உதிர்வதில்லை, வலி உணர்வு இழந்ததால் சூடும் காயமும் தெரியாமல் சிதைகின்றன என்பதையும் பிராண்டும் அவருடைய குழுவினரும் பல ஆண்டு உற்றுநோக்கலால் நிறுவினர். மருத்துவ ஆராய்ச்சியின் ஊதியம் என்று எதையேனும் சுட்டச் சொன்னால் இதைத்தான் முதலில் சுட்ட வேண்டும்: நூற்றாண்டுகளாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கையை ஒருவர் புதிதாகப் பார்க்கிறார், அதன் பின் அந்தக் கை சோற்றை எடுத்து வாயில் வைக்கிறது.

இத்தகைய தருணங்கள் அரியவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மைய அரசு 1955இல் திருமணி இல்லத்தை ஏற்று மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக்கியபோது, அதில் பணி ஏற்றவர்கள் எதிர்கொண்டது மனிதரைத் தாக்கும் கிருமிகளிலேயே மிக மெதுவாகப் பெருகும் ஒன்றை. நார்வே நாட்டின் ஹான்சன் 1873இல் அடையாளம் கண்ட தொழுநோய்க் கிருமியைச் செயற்கை ஊட்டக் கலவையில் வளர்க்க இன்றுவரை எவராலும் இயலவில்லை. குடலில் வாழும் சாதாரணக் கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். தொழுநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிக்கப் பன்னிரண்டு முதல் பதினான்கு நாட்கள் எடுத்துக்கொள்கிறது. சுண்டெலியின் பாதத்தில் இக்கிருமியை ஓரளவு வளர்க்கலாம் என்று ஷெப்பர்டு 1960இல் அமெரிக்காவில் காட்டிய பிறகே ஆய்வகத்தில் ஒரு மருந்தைச் சோதிக்க வழி பிறந்தது. அப்போதும் ஒரே ஒரு சோதனைக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகும், எலி நடுவே இறந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவருக்குக் கிருமி தொற்றியதிலிருந்து உணர்ச்சியற்ற தேமல் தோலில் தோன்றச் சராசரியாக ஐந்து ஆண்டுகள், சிலருக்கு இருபது ஆண்டுகள் வரை ஆகலாம் என்பதால், மனிதர்களிடம் நடத்தும் ஆய்வு இன்னும் நீண்டது. இருபத்தைந்து வயதில் இத்துறைக்குள் வரும் ஒருவர், பணி ஓய்வுக்குள் எத்தனை முழுமையான கேள்விகளுக்கு விடை காண முடியும் என்று எண்ணிப் பார்த்தால் இந்த வாழ்க்கையின் கனம் விளங்கும்.

காசநோயின் கதை சற்று வேகமானது. செங்கற்பட்டுப் பாதையில் ரயிலேறும் எவரும் அறிந்த நிலையப் பெயர் தாம்பரம் சானடோரியம். மருத்துவர் டேவிட் சவுரிமுத்து 1928இல் தொடங்கிய காசநோய் இல்லத்தின் நினைவாக நிற்கும் பெயர் அது. இங்கிலாந்தில் கணித மேதை ராமானுஜன் நோயுற்றுத் தங்கிய மெண்டிப் குன்றுச் சிகிச்சையகத்தை நடத்தியவரும் இவரே. சானடோரியம் என்பது தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவற்றை மருந்தாகக் கொண்டு நோயாளியைப் பல மாதங்கள் தங்கவைக்கும் இல்லம். அது நோயாளிக்குத் தேவை, அவரைப் பிரித்து வைப்பது குடும்பத்துக்குப் பாதுகாப்பு என்பதே அன்றைய உலகின் ஒருமித்த கருத்து. இந்தியாவில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் படுக்கைகள் மிகச் சில. இந்நிலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி அது.

வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கு நடந்த முதல் ஆய்வு, சென்னை ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை வீட்டிலும் வைத்து இருவருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு தந்து ஒப்பிட்டது. குலுக்கல் முறை என்பது யார் எந்தப் பிரிவில் சேர வேண்டும் என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் தற்செயலுக்கு விடுவது. அப்போதுதான் இரு பிரிவும் மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருக்கும், மருத்துவரின் பரிவோ சார்போ முடிவைக் கெடுக்காது. 1959இல் வெளியான முடிவு உலகைத் திருப்பியது: நெரிசலான வீட்டில், குறைந்த உணவோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தனர், பின்னர் அவர்கள் வீட்டாரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதும் கூடுதல் பேருக்கு நோய் வந்ததாகத் தெரியவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு பெருங்காரணம்.

இந்த ஆய்வைப் போற்றுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. நோயாளி மாத்திரையை உண்மையில் விழுங்குகிறாரா என்ற கேள்வியைச் சென்னை ஆய்வாளர்கள் கூச்சமின்றிக் கேட்டனர். முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குச் சென்று மீதமுள்ள மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரில் மருந்து வெளிப்படுகிறதா என்று சோதித்தனர். நலம் திரும்பியதாக உணர்ந்தவுடன் மருந்தை நிறுத்துவது மனித இயல்பு என்பது இந்த எண்ணிக்கைகளில் தெளிவானது. கண்ணெதிரே மருந்தை விழுங்கச் செய்யும் முறை, நாள்தோறும் அல்லாமல் வாரம் இருமுறை தரும் முறை ஆகியவை இங்கிருந்து கிளைத்து, 1990களில் உலகக் காசநோய்த் திட்டத்தின் அடித்தளமாயின. மாத்திரை எண்ணுவது எவரும் கனவு கண்டு வரும் வேலை அன்று. ஆனால் அதைச் சலிக்காமல் செய்தவர்களின் பெயர்கள் தெரியாமல் போனாலும், அவர்கள் எழுதிய எண்கள் ஒரு கண்டத்தின் சிகிச்சை முறையை மாற்றின.

இனி வருவது செங்கற்பட்டின் மிகப் பெரிய ஆய்வு. பி.சி.ஜி. என்பது பிரான்சின் கால்மெட்டும் கெராங்கும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்கச் செய்து 1921இல் முதன்முதலாக மனிதர்க்குத் தந்த தடுப்பூசி. சுதந்திர இந்தியா இதைப் பெரும் இயக்கமாக எடுத்துக்கொண்டது. கிண்டியில் 1948இல் பி.சி.ஜி. ஆய்வகம் அமைந்தது. ராஜாஜி 1955இல் இந்தத் தடுப்பூசி இயக்கத்தை வெளிப்படையாக எதிர்த்துத் தனி வெளியீடே எழுதினார். அரசு அவரை மறுத்தது. இரு தரப்பிலும் உறுதி இருந்தது, போதுமான சான்று எவரிடமும் இல்லை. பிரிட்டிஷ் பள்ளி மாணவரிடம் நடந்த ஆய்வு ஏறக்குறைய 80 விழுக்காடு பாதுகாப்பைக் காட்டியது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நடந்தது மிகக் குறைந்த பயனையே காட்டியது. இந்திய மண்ணில் இது வேலை செய்கிறதா என்பதை இந்திய மண்ணில்தான் கேட்க முடியும் என்ற முடிவோடு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையோடும் சேர்ந்து 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தது.

அந்தப் பணியின் அளவை இன்று கற்பனை செய்வதும் கடினம். சென்னைக்கு மேற்கே உள்ள கிராமங்களிலும் சிற்றூர்களிலும் இருந்த ஏறத்தாழ முழு மக்கள்தொகையும், 3,66,000க்கும் மேற்பட்டோர், வீடு வாரியாகப் பெயரெழுதிப் பதிவு செய்யப்பட்டனர். தோலில் டியூபர்குலின் என்னும் கிருமிச் சாற்றைச் சிறிதளவு செலுத்தி மூன்றாம் நாள் தடிப்பின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, முன்பே தொற்று உண்டா என்று பார்த்தனர். பெரியவர்களுக்கு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. ஐயத்துக்கு இடமானவர்களிடம் சளி வாங்கப்பட்டது. 2,81,000க்கும் மேற்பட்டோருக்குக் குலுக்கல் முறையில் பி.சி.ஜி.யின் இரு அளவுகளில் ஒன்றோ, மருந்தில்லாப் போலி ஊசியோ போடப்பட்டது. யாருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. குப்பியின் குறியீட்டுக்கு உரிய பொருள் பூட்டி வைக்கப்பட்டது. இருமறை ஆய்வு என்று இதனைச் சொல்லலாம். ஆசையும் அச்சமும் முடிவைத் தொட முடியாதபடி ஆய்வாளர் தம்மைத் தாமே மறைத்துக்கொள்ளும் முறை இது. அதன் பிறகு இரண்டரை ஆண்டுக்கொருமுறை முழு மக்கள்தொகையையும் மீண்டும் தேடிச் சென்று பார்த்தனர். நோய்க்கு வாய்ப்பு மிகுந்தவர்களை இன்னும் அடிக்கடி பார்த்தனர். ஜி.வி.ஜே. பெய்லி திட்டத் தலைவராக இருந்தார். வெயிலிலும் மழையிலும் ஏரிக்கரைகளைக் கடந்து, வயலுக்குப் போனவர் திரும்பும் வரை திண்ணையில் காத்திருந்து, நேற்று தர மறுத்தவரிடம் இன்று மறுபடி சளிக்குப்பியை நீட்டிய களப்பணியாளர்களே அதன் முதுகெலும்பு.

ஏழரை ஆண்டுக்குப் பின் குறியீடு திறக்கப்பட்டபோது, பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. 1979-80இல் இது வெளியானபோது இந்தியாவிலிருந்து வந்த கெட்ட செய்தி என்றே லான்செட் இதழ் தலையங்கத்துக்குத் தலைப்பிட்டது. ஆய்வில் பிழை இருக்கும், ஊசி மருந்து கெட்டிருக்கும், நோயாளிகளைக் கண்டறிந்த முறை தவறு என்று கேள்விகள் எழுந்தன. வல்லுநர் குழுக்கள் ஆராய்ந்தும் ஆய்வைத் தள்ளிவிடத்தக்க பிழை எதுவும் அகப்படவில்லை. பதினைந்து ஆண்டுத் தொடர்பார்வையின் முழு முடிவு 1999இல் அச்சேறியது: பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, குழந்தைகளுக்கு 27 விழுக்காடு, அதுவும் புள்ளியியல் உறுதி அற்ற அளவில். முதல் ஊசிக்கும் இந்தக் கடைசிக் கட்டுரைக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன; இளைஞராகச் சேர்ந்தவர்கள் ஓய்வு பெற்றிருந்தனர்.

இதைத் தோல்வி என்று எழுதுவோர் உண்டு. அந்தச் சொல் இங்கே பொருந்தவில்லை. தோற்றது அந்த நோக்கத்துக்கான தடுப்பூசி, ஆய்வு வென்றது. விரும்பிய விடை வராதபோது அதை மறைக்காமல், மழுப்பாமல், தம் வாழ்நாளில் பாதியைச் செலவிட்ட கருவி பயனற்றது என்று தாங்களே உலகத்துக்கு அறிவிக்கும் நேர்மையை அந்தக் குழு காட்டியது. அதன் பயன்களும் மெய்யானவை. பி.சி.ஜி.யால் காசநோயை ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கை கைவிடப்பட்டு, நோயாளிகளைக் கண்டறிந்து குணப்படுத்துவதே வழி என்பது உறுதியானது. சிறு குழந்தைகளுக்கு வரும் மூளை உறைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளைத் தடுக்க மட்டும் பி.சி.ஜி. தொடர்ந்தது, இன்றும் தமிழகத்தில் பிறந்த குழந்தையின் இடது தோளில் போடப்படும் ஊசி அதற்காகவே. சுற்றுச்சூழலில் வாழும் தீங்கற்ற உறவுக் கிருமிகள் இப்பகுதி மக்களின் உடலை முன்பே பழக்கியிருப்பதால் தடுப்பூசியின் தனிப்பயன் மறைந்திருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்று, தடுப்பாற்றல் இயலில் ஒரு புதிய ஆய்வுத் தடத்தையே திறந்தது. அதே மாவட்டத்தில் 1991 முதல் 1,71,400 பேரிடம் நடந்த தொழுநோய்த் தடுப்பூசி ஒப்பீட்டில், காசநோய்க்கு உதவாத பி.சி.ஜி. தொழுநோய்க்கு 34 விழுக்காடு பாதுகாப்பும், கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியோடு சேர்ந்தபோது 64 விழுக்காடு பாதுகாப்பும் தந்தது.

ஆராய்ச்சியாளரின் பொறுமையைப் புகழும்போது, அந்தப் பொறுமைக்குத் தம் கையை நீட்டிக் கொடுத்தவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது அநீதி. தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்த ஹான்சனே, தம் கருத்தை நிறுவும் வேட்கையில் 1879இல் ஒரு நோயாளிப் பெண்ணின் இசைவின்றி அவர் கண்ணில் நோய்ப்பொருளைச் செலுத்தி, அடுத்த ஆண்டு நீதிமன்றத்தால் மருத்துவமனைப் பதவியை இழந்தார். அறிவுத் தாகம் மனிதரைக் கருவியாக்கும் ஆபத்து இத்துறையின் பிறப்பிலிருந்தே கூட வருகிறது. செங்கற்பட்டு ஆய்வு தொடங்கிய காலத்தில், இன்றைய வடிவிலான ஒப்புதல் படிவமும் நெறிமுறைக் குழுவும் இந்தியாவில் பரவலாகவில்லை; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் நெறிமுறை அறிக்கை 1980இல்தான் வந்தது. 2009 முதல், மனிதர்களிடம் நடத்தும் ஒவ்வொரு மருந்தாய்வும் தொடங்கும் முன்பே பொதுப்பதிவேட்டில் பதியப்பட வேண்டும் என்பது கட்டாயமானது. படிவங்கள் பெருகிவிட்டன என்று இன்றைய ஆய்வாளர் அலுத்துக்கொள்வதில் ஓரளவு நியாயம் உண்டு; ஆனால் அந்தக் காகிதத்தின் மறுபுறம் இருப்பவரின் இடத்திலிருந்து பார்த்தால் ஒரு பக்கம்கூடக் கூடுதல் அன்று.

இத்துறையில் நுழையும் இளைஞர் எதிர்கொள்ளும் இன்றைய இடர்கள் வேறு வகை. 2023 தொடக்கம் முதல் மைய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. தகுதித் தேர்வில் வென்று, முனைவர் பட்டத்துக்காக ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கும் ஒருவருக்கு, குடும்பப் பொறுப்பு ஏறும் வயதில், இது ஒதுங்கி நிற்கச் சொல்லும் தொகை. அதைவிடப் பெரிய இடர் நிலையின்மை. கள ஆய்வாளர், ஆய்வக நுட்பர், தரவு பதிபவர் என்று பெரும்பாலோர் ஒரு திட்டத்தின் நிதி இருக்கும் வரை மட்டுமே வேலையில் இருப்பவர்கள். மூன்றாண்டில் திட்டம் முடிந்தால் அவர்கள் கற்றதும் கலைந்துவிடுகிறது. நிறுவனங்கள் கட்டடத்துக்கும் கருவிக்கும் பணம் கண்டுபிடிக்கின்றன, பணியாளருக்குக் கண்டுபிடிப்பதில்லை. செங்கற்பட்டுத் திருமணியில் நூறு ஏக்கரில் பல நூறு கோடி ரூபாயில் எழுப்பப்பட்ட ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம், கொரோனா பேரலையின்போதும் உற்பத்தி தொடங்காமல் கிடந்ததும், 2021இல் தமிழக முதல்வர் அதைப் பார்வையிட்டு மைய அரசிடம் இயக்கக் கோரியதும் அனைவரும் அறிந்தவை. சுவர்கள் மட்டும் தடுப்பூசி செய்வதில்லை.

கௌரவம் பங்கிடப்படும் முறையும் சீராக இல்லை. கட்டுரையின் தலையில் நிற்கும் பெயர்களில் திண்ணையில் காத்திருந்தவரின் பெயர் இடம்பெறுவது அரிது. அதிகம் போனால் நன்றியுரையில் ஒரு வரி. எத்தனை கட்டுரை, எந்த இதழ் என்று ஆண்டுதோறும் எண்ணிப் பதவி உயர்வு தரும் ஏற்பாடு, விடைக்குப் பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டிய கேள்வியைத் தொடவே அஞ்ச வைக்கிறது. இன்றைய மதிப்பீட்டு விதிகளின் கீழ் 1968இன் ஆய்வுக்குத் துணிந்து கையெழுத்திடும் இளம் விஞ்ஞானி ஒருவர் கிடைப்பாரா என்பது வருத்தத்தோடு எழும் ஐயம்.

ஒரு நல்ல விடை இன்னொரு நல்ல கேள்வியை மூடிவிடவும் கூடும். உணவு குறைந்தாலும் மருந்து குணப்படுத்தும் என்ற 1959இன் சென்னை முடிவு, காசநோய்க்கும் உணவுக்கும் தொடர்பே இல்லை என்பதுபோல் பல பத்தாண்டுகள் வாசிக்கப்பட்டது. அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. நோயாளியின் குணத்தை அது கேட்டதே தவிர, வீட்டில் உள்ள மற்றவர்களைச் சத்துணவு காக்குமா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை, சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற ஓர் ஆய்வு ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை எடுத்துக்கொண்டது. நோயாளியின் வீட்டார்க்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கூடுதலாகத் தந்தபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடும், பரவக்கூடிய நுரையீரல் வகை 48 விழுக்காடும் குறைந்தன என்று 2023இல் வெளியானது. செங்கற்பட்டில் பி.சி.ஜி. தராத பாதுகாப்பை அரிசியும் பருப்பும் தந்ததை அறிய அறுபது ஆண்டுகள் ஆயின. பெரியவர்களுக்கு பி.சி.ஜி. பயன்படுமா என்ற பழைய கேள்வியும் முடிந்துவிடவில்லை. நோய்வாய்ப்பு மிகுந்த பெரியவர்களுக்கு அதைத் தந்து பார்க்கும் முயற்சி 2024இல் இந்தியாவின் பல மாநிலங்களில் மீண்டும் தொடங்கியிருக்கிறது.

அத்தகைய ஓர் ஆய்வை இன்று ஒரகடத்திலோ மறைமலை நகரிலோ நடத்த முனைந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்ப்பது தகும். 1968இல் இப்பகுதியில் பெயர் பதிவானவர் இரண்டரை ஆண்டு கழித்தும் பெரும்பாலும் அதே தெருவில், அதே வீட்டில் இருந்தார். அந்த நிலைப்பே பதினைந்து ஆண்டுத் தொடர்பார்வையைச் சாத்தியமாக்கியது. இன்று அதே நிலத்தில் தொழிற்சாலைகளுக்கு அருகே வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்கியிருப்போரில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் ஒப்பந்த வேலைக்கு வந்த இளைஞர். ஓர் அறையில் பலர் உறங்குகின்றனர், இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலும் விடுப்பெடுத்தால் கூலி போகும் என்று தள்ளிப்போடுகின்றனர், ஒப்பந்தம் முடிந்தால் வேறு ஊருக்குப் போய்விடுகின்றனர். காசநோய் பரவத் தோதான இடமும், அதைத் தொடர்ந்து பார்க்கக் கடினமான இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. பொத்தேரியிலும் செங்கற்பட்டிலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, மரபணு முறையில் சில மணி நேரத்தில் கிருமியைக் கண்டறியும் கருவி இருக்கிறது. குறைவது, இந்தியும் ஒடியாவும் தமிழும் பேசி, இரவுப் பணி முடிந்து வருபவரை விடிகாலையில் அறையிலேயே சந்தித்து, அவர் ஊர் மாறினாலும் கைப்பேசி வழியே விடாமல் தொடரும் களப்பணியாளர். ஆய்வு நீளும் காலம் முழுவதற்கும் அவருக்கு உறுதியான ஊதியம். திட்ட அறிக்கையின் நிதிப் பட்டியலில் கருவிகளுக்கு மேலே, முதல் வரியாக, எழுதப்பட வேண்டியது அந்த ஊதியம்.